அலமாரி தின்னும் படை

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், வாலிங்டன் என்றொரு பெரிய வீடு இருக்கிறது. 1688-ல் எழுந்த வீடு. நடுமுற்றத்தை 1850-களில் கூரை போட்டு மூடி, சுவர்களில் வில்லியம் பெல் ஸ்காட்டை வைத்து வரலாற்று ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இந்த வீட்டோடு ஒரு தூரத்து உறவு உண்டு. 1859-ல் மதராஸ் கவர்னராக வந்து, சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை ஏற்படுத்தி, கல்கத்தாவிலிருந்த மேலிட அரசு போட நினைத்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்து, 1860-லேயே பதவியிழந்து கப்பலேறினாரே சார்லஸ் டிரெவெல்யன், அவருக்கு 1879-ல் வந்து சேர்ந்த வீடு இது. அயர்லாந்துப் பஞ்சத்தில் அவர் நடந்துகொண்ட விதம் தனிக்கதை. அவருடைய பேரன்கள் மூன்று பேர்: அரசியல்வாதியான சார்லஸ், கவிஞரான ராபர்ட், வரலாற்றாசிரியரான ஜார்ஜ். சிறுவயதில் மூவரும் தரையில் அணிவகுத்து விளையாடிய பொம்மைச் சிப்பாய்கள் இன்றும் அந்த வீட்டில் இருக்கின்றன. மூத்தவர் 1941-ல் வீட்டையே, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். படையும் அதோடு சேர்ந்து பொதுச்சொத்தாயிற்று.

இப்படிப்பட்ட வீடுகளைச் சுற்றிப் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "அப்படியே வைத்திருக்கிறார்கள்." குழந்தைகள் அறை அப்படியே, ஆடுகுதிரை அப்படியே, கரும்பழுப்பு ஓக் அலமாரி அப்படியே, அதன் தட்டில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் அப்படியே. இந்த "அப்படியே"யோடுதான் எனக்குத் தீராத சண்டை. வாலிங்டனின் காட்சிப்பெட்டிகளைக் குறைசொல்ல வரவில்லை. பழைய வீடு என்றாலே எதையும் நகர்த்தக் கூடாது என்று நாம் வைத்திருக்கும் நினைப்பைச் சொல்கிறேன். ஈயச் சிப்பாய் விஷயத்தில் அந்த நினைப்பு நேரடியான கொலைக்குற்றம்.

எந்த ஈயம்?

ஆங்கிலத்தில் இவற்றை டின் சோல்ஜர் என்று கூப்பிடும் வழக்கம் உண்டு. டின் என்றால் நம் வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்யும் உலோகம். பொம்மைச் சிப்பாய்களில் பெரும்பாலானவற்றில் கனத்த பங்கு காரீயத்துக்கு. இனி ஈயம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். காரீயம் மலிவு, 327 டிகிரியில் உருகிவிடும், அடுப்பங்கரை நெருப்பே போதும். ஆனால் தனிக்காரீயம் மெத்தென்று இருக்கும், அச்சின் நுணுக்கங்களுக்குள் சரியாக ஓடாது. கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால் ஓட்டம் வரும். கொஞ்சம் ஆன்டிமனி என்ற தனிமத்தைக் கலந்தால் விறைப்பு வரும். எவ்வளவு கலந்தார்கள் என்பது பட்டறைக்குப் பட்டறை, காலத்துக்குக் காலம், அன்றைய உலோக விலைக்குத் தக்கபடி மாறியது. ஒரே பெட்டியில் வந்த எட்டுச் சிப்பாய்களில் இரண்டு மட்டும் பொடிந்துபோய் ஆறு திடமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகை மூன்று. முதலாவது தட்டைச் சிப்பாய். 18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஹில்பர்ட் குடும்பம் இதைப் பேர்போன சரக்காக்கியது. 1839-ல் தொடங்கிய ஹைன்ரிக்ஸன் பட்டறை ஏறக்குறைய 28 முதல் 30 மில்லிமீட்டர் உயரத்தை வழக்கமாக்கியது. இரண்டு பலகைக்கல் துண்டுகளில் உருவத்தை முன்னும் பின்னுமாகச் செதுக்கி, இரண்டையும் இறுக்கிக் கட்டி, இடையில் உலோகத்தை ஊற்றுவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் காசுக் கனம்தான். எடைக்கு விற்பார்கள், மெல்லிய மரச்சீவலில் செய்த முட்டை வடிவப் பெட்டியில் அடைத்து வரும். அந்த மரச்சீவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாவது, உள்ளே கெட்டியான முழுவார்ப்பு. பாரிஸில் லூகோத், மின்யோ, டிரெஸ்டனில் ஹைடே ஆகிய பட்டறைகளின் சரக்கு. ஹைடே சிப்பாய்கள் மற்றவர்களுடையதைப்போல விறைத்து நிற்க மாட்டார்கள். சமைப்பார்கள், படுத்திருப்பார்கள், காயம்பட்டவனைத் தூக்கிப்போவார்கள். அந்தத் தொழிற்சாலை 1945 குண்டுவீச்சில் போயிற்று. மூன்றாவதுதான் தொழிலையே புரட்டிப்போட்டது. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கொண்டுவந்த உட்குழி வார்ப்பு. சூடாக்கிய உலோக அச்சில் ஈயத்தை ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டி ஒரு தோல் இறுகியதும், நடுவில் இன்னும் திரவமாக இருப்பதைக் கவிழ்த்து வெளியே கொட்டிவிட வேண்டும். கை ஒரு நொடி முந்தினால் ஓட்டை விழும். பிந்தினால் உள்ளே அடைத்துக்கொண்டு ஈயம் வீண். ஈயம் மிச்சமானதால் விலை இறங்கியது, கப்பல் கூலியும் இறங்கியது. 54 மில்லிமீட்டர் உயரத்தில் எட்டுக் காலாட்கள், அல்லது ஐந்து குதிரைவீரர்கள், சிவப்பு அட்டைப்பெட்டியில், ஒரு ஷில்லிங். ஜெர்மன் சரக்கு மண்டியிட்டது. மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற நம்மூர்க் காலாட்படைகூட பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே வகை பிரிக்கலாம். பக்கவாட்டில் மெலிந்திருந்தால் தட்டை. தொப்பியின் உச்சியிலோ தலையிலோ குண்டூசித் தலையளவு துளை தெரிந்தால் உட்குழி. உள்ளிருந்த ஈயமும் காற்றும் வெளியேறிய வழி அது. அடிவட்டில் எழுத்து ஏதுமில்லை என்றால் வில்லியம் பிரிட்டன் சரக்கிலேயே பழசாக இருக்கலாம். போட்டியாளர்கள் காப்பியடித்து வழக்கு வரை போனபின், 1900-லிருந்து, தேதி போட்ட சிறு காகிதச் சீட்டை அடியில் ஒட்டினார்கள். பிறகு எழுத்தை அச்சிலேயே வெட்டிவிட்டார்கள். இங்கே ஒரு பொறி. அந்தத் தேதி அச்சு பதிவான தேதி. பொம்மை வார்த்த தேதி இல்லை. அடியில் 1901 என்றிருக்கும் சிப்பாய் 1910-ல் கடைக்கு வந்தவனாக இருக்கலாம். ஏல அட்டவணை எழுதுகிறவர்களே இதில் வழுக்கி விழுகிறார்கள்.

உடையும் இடமும் வகைக்கு வகை வேறு. தட்டைச் சிப்பாய் கணுக்காலில் வளைவான். நிமிர்த்தினால் இரண்டாவது தடவையில் ஒடிவான். முழுவார்ப்பில் குதிரையின் மெல்லிய கால்கள் தன் கனத்திலேயே மடங்கும். உட்குழியில் கழுத்துதான் பலவீனம். தலை தனியே வந்துவிடும். வில்லியம் பிரிட்டன் சிப்பாயின் அசையும் கை ஒரு சிறு குமிழில் மாட்டியிருக்கும், அது தேய்ந்தால் துப்பாக்கியோடு கை தொங்கிப்போகும்.

வெள்ளைப் பொடி

இனி நம் விஷயம். பழைய சிப்பாயின் அடிவட்டில், குதிரையின் வயிற்றுக்கும் காலுக்கும் இடையிலுள்ள மடிப்பில், பெயிண்ட் உதிர்ந்த தோளில், சாம்பலும் வெள்ளையுமாக ஒரு பொடி பூத்திருக்கும். பார்ப்பவர் தூசி என்பார், வயசு என்பார். கொஞ்சம் படித்தவர் "டின் பெஸ்ட்" என்று சொல்லிவிடுவார்: வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் சாம்பல் பொடியாகும் என்ற பாடம். பாடம் சரி, ஆள் தப்பு. காரீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகத்தில் அது நடப்பது அபூர்வம். இது வேறு நோய். சேகரிப்பாளர்கள் "லெட் ராட்", அதாவது ஈய அழுகல், என்கிறார்கள். குளிர் இதற்குப் பொறுப்பில்லை. பொறுப்பு, சிப்பாய் நிற்கும் தட்டுக்கு.

மரம் செத்தபின்னும் மூச்சு விடும். அதன் நாரிலுள்ள சில கூறுகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமில ஆவியை வெளியிடும். வினிகரின் அதே அமிலம். எல்லா மரமும் இதைச் செய்யும். ஓக் மிக மோசம், ஸ்வீட் செஸ்ட்நட் அதற்குச் சளைத்ததில்லை. நூறு வயதான ஓக் "அடங்கியிருக்கும்" என்று நம்புவது வீண். ஈரம் இருக்கும்வரை அது விட்டுக்கொண்டேயிருக்கும். மூடிய கதவுக்குள் ஆவி தேங்கும். ஈயத்தின் மேற்பரப்பில் அமிலம் பட்டு ஈய அசிட்டேட் உண்டாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அதை ஈயக் கார்பனேட்டாக மாற்றும். மாற்றும்போது அசிட்டிக் அமிலம் மறுபடி விடுதலையாகிறது. விடுதலையான அமிலம் அடுத்த அடுக்கு ஈயத்தைப் பிடிக்கும். அமிலம் தீர்ந்தால் நோய் தீரும் என்று காத்திருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இந்த வினையைப் படித்தபோது ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்று மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், உங்கள் நினைவு சரி. ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்காக வெள்ளைப் பெயிண்டுக்கான ஈய வெள்ளையைத் தயாரித்த டச்சு முறை இதேதான். மண்பானையின் அடியில் கொஞ்சம் வினிகர், மேலே சுருட்டிய ஈயத்தகடு, பானைகளைச் சுற்றிக் குதிரைச் சாணமோ தோல் பதனிட்ட மரப்பட்டையோ. இப்படி அடுக்கடுக்காக ஒரு கொட்டகை முழுக்க. சாணம் புளித்து வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் தரும். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத் திறந்தால் தகடு வெள்ளைக் கட்டியாகியிருக்கும். குழந்தைகள் அறையின் ஓக் அலமாரி, அந்தக் கொட்டகையின் சோம்பேறி வடிவம். மூன்று மாதத்தில் முடிவதை எழுபது எண்பது வருடமாக இழுக்கிறது, அவ்வளவே வித்தியாசம். இதைப் பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியதெல்லாம் தானே புலப்படும். அழகான அலமாரி, இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெயிண்ட் ஆலை. அதற்குள் படையை நிறுத்தி, கதவைச் சாத்தி, "அப்படியே வைத்திருக்கிறோம்" என்கிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இத்தகைய வீடுகளில் குளிர்காலத்தில் மனிதருக்காக அடுப்பு மூட்டுவதில்லை. மரச்சாமானும் துணியும் வெடிக்காமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றின் ஈரத்தைப் பார்த்து ஹீட்டரை ஏற்றி இறக்குவார்கள். இலக்கு பெரும்பாலும் 50-க்கும் 65-க்கும் இடைப்பட்ட சதவீத ஈரப்பதம். அலமாரிக்கு அது சுகம். ஈயத்துக்கு 40-ஐ ஒட்டியிருந்தால் நல்லது. ஒரே அறையில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வழியில்லை. யாரையாவது தனிக்குடித்தனம் வைத்தாக வேண்டும்.

தூசியா, நோயா?

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோய் இல்லை. பெயிண்டிலும் மெருகிலும் உள்ள கொழுப்பு மேலே வந்து மெல்லிய படலமாகப் பூக்கும். காய்ந்த மென்தூரிகையால் தொட்டால் போய்விடும், கீழே பெயிண்ட் முழுசாக இருக்கும். நோய், பெயிண்டுக்குக் கீழிருந்து வரும். பெயிண்ட் முதலில் கொப்புளிக்கும், பிறகு வெடிக்கும், வெடிப்பில் மணல் மாதிரி நறநறப்பு. லென்ஸில் பார்த்தால் சிறு பள்ளங்கள் தெரியும். கார்பனேட் தான் பிறந்த ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் மெல்லிய கால்கள் உள்ளிருந்தே பிளக்கின்றன.

அலமாரியைச் சோதிக்க ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நிறங்காட்டித் தாள் கிடைக்கிறது. படச்சுருள் காப்பகங்களுக்காக வந்தது. நீலத் தாளை உள்ளே வைத்துக் கதவை மூடினால், அமிலம் உள்ளபோது பச்சையாகி, மிகுந்தால் மஞ்சளாகும். புதிதாக ஒரு பெட்டியோ துணியோ பலகையோ வாங்குமுன் சோதிக்க, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஓடி 1970-களில் வகுத்த முறை இருக்கிறது: பொருளின் சிறு துண்டு, கொஞ்சம் தண்ணீர், சுரண்டிப் பளபளப்பாக்கிய ஈயத்தகடு மூன்றையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள். பக்கத்திலேயே, சோதனைப் பொருள் இல்லாமல் தகடு மட்டும் வைத்த இன்னொரு குப்பியும் வேண்டும். ஒப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது. தகடு வெளுத்தால் அந்தப் பொருள் படைக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

முதலில் பிரிக்க வேண்டும்

பொடி பூத்தவனைத் தொடுமுன் நைட்ரைல் கையுறை, முகமூடி. ஈயக் கார்பனேட், திட ஈயத்தைவிட உடம்பில் எளிதாகக் கரையும், விஷம். ஊதக் கூடாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் ஊதுவார். காகிதம் விரித்து, அதன்மேல் வைத்து, மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டாமல் வருட வேண்டும். காகிதத்தை மடித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஈரத்துணி வேண்டாம். சோடா உப்பு, எலுமிச்சை, வினிகர் என்று வீட்டு வைத்தியம் சொல்கிறவர்கள் உண்டு. வினிகர் சொல்கிறவரிடம் முந்தைய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். உலோகத்தை மின்வேதி முறையில் மீட்கும் சிகிச்சைகள் பெயிண்ட் இல்லாத ஈயத்துக்குப் பொருந்தும். சிப்பாயின் உயிரே பெயிண்டில்தான் இருக்கிறது. மேலே வார்னிஷ் அடித்து "சீல்" செய்வதும் ஏமாற்று: ஆவி மெல்ல ஊடுருவும், அமிலம் உள்ளே சிறைப்பட்டு வேலையைத் தொடரும், பிறகு வார்னிஷைக் கழற்றினால் பெயிண்டும் கூடவே வரும்.

குடிவைக்க பாலிப்ரொப்பிலீன் பெட்டி, அடியில் பாலிஎத்திலீன் நுரை, ஒவ்வொருவருக்கும் நுரையில் வெட்டிய குழி, சுற்ற அமிலமற்ற மென்தாள். பி.வி.சி வேண்டாம், கம்பளி ஃபெல்ட் வேண்டாம், பஞ்சு வேண்டாம் (துப்பாக்கி முனையில் சிக்கி இழுக்கும்). ஈரத்தை அடக்க சிலிக்கா ஜெல். காட்சிப்பெட்டிகளுக்குச் சொல்லும் பழைய கணக்கு கன மீட்டருக்கு 20 கிலோ. 30 லிட்டர் பெட்டிக்கு 600 கிராம் வருகிறது. மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் திருப்திப்படுகிறவர்களுக்காக இந்தக் கணக்கு. ஒரு பை கரித்தூளும், அதாவது ஆக்டிவேட்டட் கார்பனும், வைத்தால் ஆவியைப் பிடிக்கும். ஆனால் நிறைந்துவிடும், மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மூலப்பெட்டிதான் மனசைப் பிசையும் விஷயம். சிவப்பு அட்டையும் அழகான லேபிளும் சேர்ந்திருந்தால் விலை பன்மடங்கு. அந்த அட்டையே அமிலம். நியூரம்பர்க்கின் மரச்சீவல் பெட்டியும் அப்படித்தான், தன் குழந்தைகளையே தின்னும் ரகம். பெட்டியைத் தனியாகவும் படையைத் தனியாகவும் வைத்து, இரண்டுக்கும் ஒரே எண் எழுதிவிட்டால் போதும். சேர்த்துக் காட்ட வேண்டிய கண்காட்சியில் சேர்த்துக் காட்டலாம், சில வாரம்.

அலமாரியை வெளியேற்ற முடியாது, அறையின் முகமே அது என்றால், நடுவழி ஒன்று உண்டு. உட்சுவர் முழுக்க, தட்டின் விளிம்பு விடாமல், அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி, மரத்தட்டுக்குப் பதில் கண்ணாடித் தட்டு போட்டு, மேலும் கீழும் காற்றோட்டத்துக்குத் துளை விட வேண்டும். தவறு நடப்பது விளிம்பில். பலகையின் வெட்டுமுனைதான் அதிகம் மூச்சு விடும், அதைத்தான் ஒட்டாமல் விடுவார்கள். மரத்துக்குப் பெயிண்ட் அடித்துத் தப்பிக்கலாம் என்றால், எண்ணெய்ப் பெயிண்ட் காயும்போது தானே அமில ஆவி விடும். என்னைக் கேட்டால் அலமாரியில் ஓரிரு நகல் சிப்பாய்களை நிறுத்திவிட்டு, அசலை அசிங்கமான இரும்புப் பீரோவில் வைப்பேன். நல்ல சுட்ட பெயிண்ட் போட்ட பீரோ. பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லியும் விடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தீக்குச்சி

பெயிண்ட் பற்றி ஒன்று. தேய்ந்த சிப்பாய்க்குப் புதுச்சட்டை தைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். முன்னாலேயே யாரோ தைத்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: கீறலின் பள்ளத்துக்குள்ளும் உடைந்த முனையின் வாய்க்குள்ளும் பெயிண்ட் இருக்கும். முதல் பெயிண்ட், உடைவதற்கு முன் அடித்தது. அது உடைப்புக்குள் போக வாய்ப்பில்லை. ஆய்வகத்துக்குப் போனால், மார்பின் குறுக்கே போகும் வாரின் வெள்ளையில் டைட்டானியம் தெரிந்தாலே போதும். அந்த வெள்ளை கடைக்கு வந்தது முதல் உலகப்போரை ஒட்டி. 1895 சிப்பாய் அதை அணிந்திருக்க முடியாது.

நெஞ்சுப் பக்கமும் தோளும் தேய்ந்து உலோகம் தெரிவது பிள்ளைகளின் விரல் பிடித்த இடம். அதை மூடக் கூடாது. கழுத்து ஒடிந்த உட்குழிச் சிப்பாய்களில் அடிக்கடி ஒரு கைவேலை தென்படும்: உடம்பின் குழிக்குள் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, அதன் மேல்முனையில் தலையைப் பொருத்தியிருப்பார்கள். அப்பாவோ, தாதியோ, அந்தப் பையனே கூடவோ செய்த அறுவை. ஏல விலையில் இது குறை. வீட்டின் கணக்கில் இது இருப்பிலேயே நல்ல உருப்படி, இதை மட்டும் அப்படியே விடச் சொல்வேன். ஆனால் தீக்குச்சியும் மரம். உள்ளே, ஈயத்தோடு ஒட்டி, காற்றோட்டமில்லாத குழியில் நிற்கிறது. எனவே பதிவேட்டில் "கழுத்தில் தீக்குச்சி, அகற்ற வேண்டாம்" என்று எழுதி, வருடம் ஒருமுறை பத்து மடங்கு லென்ஸோடு காலரின் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும், முக்கியமாக முதுகுப் பக்கம்.